பெண் குழந்தைக்குச் சின்னதா ஒரு பெயர் தேடுறீங்களா? திருத்துறைப்பூண்டியைச் சுற்றியே இத்தனை இருக்கு... பொருளும் பூர்வீகமும் இதோ!

குழந்தை பிறந்த வீட்டில் முதல் வாரம் தூக்கம் போகும். இரண்டாவது வாரம் பெயர் தேடும் வேலை ஆரம்பிக்கும். இன்றைக்குப் பல பெற்றோர் போடும் முதல் நிபந்தனை, பெயர் சின்னதாக இருக்க வேண்டும் என்பதுதான். இரண்டு எழுத்து, மிஞ்சினால் மூன்று.

மொபைலில் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். கியாரா, மைரா, ரியா, தியா என்று போகும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'அன்பானவள்', 'தேவதை', 'இளவரசி' என்று ஏதாவது ஒரு பொருள் போட்டிருக்கும். அது எந்த மொழிச் சொல், அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்லவே மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், டெல்டாவின் கடைமடையில் இருக்கும் திருத்துறைப்பூண்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், ஆற்றிலும் வயலிலும் கோயில் சன்னதியிலும் சின்னப் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. பொருளைத் தேடி இணையத்துக்குப் போக வேண்டியதே இல்லை.

சு, சே, சோ, லா: அசுவினிக்காரர்களின் கணக்கு

திருத்துறைப்பூண்டி பிறவி மருந்தீசர் கோயில் அசுவினி நட்சத்திரக்காரர்களுக்கு உரிய தலமாகச் சொல்லப்படுகிறது. அசுவினி தேவர்கள் தேவலோக மருத்துவர்கள். இங்கே இறைவன் பெயரிலேயே மருந்து இருக்கிறது. பஞ்சாங்கப்படி 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒரு எழுத்து வீதம் மொத்தம் 108 எழுத்துகள். அதில் அசுவினியின் நான்கு பாதங்களுக்கு வருவது சு, சே, சோ, லா.

நம்பிக்கை உள்ளவர்கள் இந்த எழுத்துகளை வைத்துத்தான் தேடுவார்கள். இதில் முதல் மூன்றும் தமிழுக்குத் தோதானவை. 'சு'வுக்குச் சுடர் இருக்கிறது. மூன்றே எழுத்து, விளக்கின் ஒளி என்று குழந்தைக்கே பின்னால் புரியும். சுனை என்றால் மலையில் ஊறும் நீர். மலையே இல்லாத ஊரில் சுனை என்று பெயர் வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் அழகான பெயர். 'சே'வுக்குச் சேயிழை. செம்மையான அணிகலன் பூண்டவள் என்று பொருள். இலக்கியத்தில் பெண்ணைக் குறிக்க வரும் சொல். 'சோ'வுக்குச் சோலை.

லா-வில்தான் திண்டாட்டம். தமிழில் ல எழுத்தில் ஒரு சொல் தொடங்காது என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. அதனால்தான் பழைய புத்தகங்களில் லட்சுமிக்கு முன்னால் ஒரு 'இ' சேர்த்து இலட்சுமி என்று அச்சடித்தார்கள். ஆக, லா என்றால் வடமொழிப் பக்கம்தான் போக வேண்டும். அங்கே முதலில் நிற்கும் பெயர் லாவண்யா.

அழகு, வசீகரம் என்று எல்லாப் பட்டியலிலும் இதற்குப் பொருள் போட்டிருக்கும். அது சரிதான். ஆனால் அந்தச் சொல் பிறந்தது லவணம் என்பதிலிருந்து. லவணம் என்றால் உப்பு! உப்பு சேர்ந்தால் சாப்பாட்டுக்கு எப்படி ருசி வருகிறதோ, அப்படி முகத்துக்கு ஒரு களை. 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு சத்தியாகிரகம் நடந்த வேதாரண்யம் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஊர். உப்பளத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு லாவண்யா பொருத்தமான பெயர்தான், சின்னதாக வேண்டும் என்றால் லாவி என்று கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அம்மன் பெயரின் முதல் எழுத்துகள்

அதே வேதாரண்யம் கோயிலில் அம்பாளுக்கு ஒரு நீளமான பெயர் உண்டு: யாழைப் பழித்த மொழியம்மை. யாழின் இசையே தோற்றுப்போகும் அளவுக்கு இனிய பேச்சு உடையவள் என்று பொருள். அதனால் இந்தத் தலத்தில் சரஸ்வதி கையில் வீணை இல்லாமல் இருக்கிறாள் என்று சொல்வார்கள். அந்தப் பெயரின் முதல் சொல்லை மட்டும் கிள்ளி எடுத்தால் இன்றைக்குப் பலர் விரும்பித் தேடும் யாழ் வந்துவிடும்.

யாழ் என்பது நரம்பு கட்டி மீட்டும் பழந்தமிழ்க் கருவி. புழக்கத்திலிருந்து மறைந்துபோன அதன் அமைப்பை ஆராய்ந்து எழுதியவர் இலங்கை மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தர். அவருடைய 'யாழ் நூல்' 1947-ல் அரங்கேறிய இடம் இதே திருவாரூர் மாவட்டத்தின் திருக்கொள்ளம்பூதூர் கோயில். பாப்பாவுக்கு யாழ், யாழினி என்று வைத்தவர்கள் ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு அங்கே போய் வரலாம்.

திருவாரூரில் நீலோத்பலாம்பாள் சன்னதி இருக்கிறது. தமிழில் அவள் அல்லியங்கோதை. இந்த ஒரு பெயருக்குள் இரண்டு சின்னப் பெயர்கள்: அல்லி, கோதை. அல்லி குளத்துப் பூ. கோதை என்றால் பூமாலை, ஆண்டாளுக்கும் அதுவே பெயர். நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி, அதாவது நீண்ட நீலக் கண்கள் உடையவள். அதைச் சுருக்கினால் நீலா. மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயிலில் தாயார் செங்கமலம். இந்தப் பெயரைச் சொன்னதும் இளசுகளுக்கு நினைவு வருவது 'பாப் கட்' முடியோடு வைரலான மன்னார்குடி கோயில் யானையாக இருக்கலாம். தவறில்லை, யானைக்கு வைத்ததும் தாயார் பெயர்தான். கமலம், கமலா என்று சுருக்கினால் பாட்டி காலத்துப் பெயராகத் தோன்றும். ஆனால் பாட்டி காலத்துப் பெயர்கள் இப்போது திரும்பி வருகின்றன.

வேளாங்கண்ணி பக்கம் போனால் ஸ்டெல்லா. லத்தீனில் விண்மீன். மரியன்னைக்குக் 'கடலின் விண்மீன்' என்றொரு பட்டம் உண்டு, ஸ்டெல்லா மாரிஸ் என்பது அதுதான். கடற்கரை மாதாவுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? முத்துப்பேட்டை, நாகூர் பக்கம் இஸ்லாமிய வீடுகளில் நூர். அரபியில் ஒளி. சுடரும் நூரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் டீச்சர் இரண்டு ஒளிகளைக் கூப்பிடுவார். சாரா என்ற பெயர் எபிரேயம், உயர்குலப் பெண் என்று பொருள்; கிறிஸ்தவ வீட்டிலும் இஸ்லாமிய வீட்டிலும் வைக்கலாம்.

பொன்னி: ஆறு, அரிசி, பிறகு பெண்

டெல்டாவுக்கென்றே ஒரு பெயர் எடுக்கச் சொன்னால் பொன்னிதான். காவிரியின் இன்னொரு பெயர். பொன் என்ற சொல்லிலிருந்து வந்தது. பாய்கிற இடத்தையெல்லாம் விளைய வைத்துப் பொன்னாக்குவதால் பொன்னி என்பார்கள். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பு என்று செய்தி வந்ததும், தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று எதிர்பார்த்து நிற்கிற ஊர் திருத்துறைப்பூண்டி. தண்ணீர் வராத வருஷங்களும் உண்டு. இந்த ஊரில் பொன்னி என்பது வெறும் பழம்பெருமைப் பெயர் இல்லை.

பொன்னி அரிசிக்கு ஒரு சுவாரஸ்யமான பின்கதை இருக்கிறது. அதன் மூலம் மலேசியாவில் உருவான மசூரி என்ற நெல் ரகம். மசூரி என்பது மலேசியாவின் லங்காவித் தீவில் இன்றும் சொல்லப்படும் கதையின் நாயகி பெயர். பொய்க் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்ட பெண் அவள். அந்தப் பெயரோடு இருந்த நெல்லைத் தமிழ்நாட்டு மண்ணுக்கு ஏற்றபடி தேர்வு செய்து வெளியிட்டபோது இங்கே கிடைத்த பெயர் பொன்னி. அங்கேயும் பெண் பெயர், இங்கேயும் பெண் பெயர்.

நெல் என்று வந்த பிறகு நெல் ஜெயராமனைச் சொல்லாமல் போக முடியாது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர் என்று அறியப்படுபவர். 2018 டிசம்பரில் காலமானார். அந்த ரகங்களில் ஒன்று தூயமல்லி. அரிசி மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளையாக இருக்கும். தூயமல்லி என்றே பெயர் வைத்தாலும் நன்றாக இருக்கும், மல்லி என்று சுருக்கினாலும் சரி.

ஆதிரெங்கத்தின் 'ஆதி' வேறு, ஆதிரை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆதிரை என்பது திருவாதிரை நட்சத்திரம். மணிமேகலை காப்பியத்தில் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் பெயரும் ஆதிரை. கதை நடப்பது காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில். வானதி? வான் நதி, அதாவது ஆகாய கங்கை. ராஜேந்திர சோழனின் தாயார் கல்வெட்டுகளில் வானவன் மாதேவி. வானதி என்ற பெயரைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டு வந்தது 1950-54-ல் தொடராக வந்த கல்கியின் பொன்னியின் செல்வன். 2022-ல் படம் வந்த பிறகு அந்தப் பெயர் மறுபடியும் பேச்சுக்கு வந்தது.

கயல் இன்னொரு இளம் பெற்றோர் விருப்பம். கெண்டை மீன், அதன் வடிவத்தை வைத்துப் பெண்ணின் கண்ணுக்கு உவமை. பாண்டியர் கொடியில் இருப்பதும் மீன்தான். சோழ நாட்டுக் குழந்தைக்குப் பாண்டியர் சின்னம் என்று யாரும் இப்போது சண்டைக்கு வரப்போவதில்லை.

பட்டியல் சொல்லும் பொருளை நம்பலாமா?

மறுபடியும் அந்த இணையப் பட்டியலுக்கு வருவோம். கியாரா என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய மொழியில் கியாரா என்றால் ஒளிமிக்கவள், தெளிவானவள். அயர்லாந்திலும் கிட்டத்தட்ட இதே எழுத்துகளோடு ஒரு பெயர் உண்டு, அங்கே அதற்குக் கருநிறத்தவள், கருங்கூந்தலாள் என்று பொருள். ஒரு பெயர், நேர் எதிரான இரண்டு பொருள். மைரா என்பது ஆங்கிலக் கவிஞர் ஃபுல்க் கிரெவில் தன் கவிதைக்காக உருவாக்கிய பெயர் என்கிறார்கள். அதற்குச் சமஸ்கிருதப் பொருள் போட்டிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தியா என்பது இந்தியில் அகல்விளக்கு. 'தீப' என்ற சொல்தான் பேச்சில் தேய்ந்து தியா ஆனது. அதாவது அத்தை பெயர் தீபா, பாப்பா பெயர் தியா என்றால் வேர் ஒன்றேதான்! மாடர்னாக வைக்கிறோம் என்று அத்தை பெயரையே வைத்திருப்பார்கள், அத்தைக்குச் சந்தோஷம்தான்.

நதியாவைப் பலரும் நதியோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். ரஷ்ய மொழியில் நதெஷ்தா என்றால் நம்பிக்கை. நதியா அதன் செல்லச் சுருக்கம். லெனினின் மனைவி குரூப்ஸ்காயாவின் பெயர் நதெஷ்தா. கம்யூனிஸ்ட் இயக்கம் வேர் விட்ட கீழத்தஞ்சைப் பகுதியில் இந்தத் தகவலுக்குத் தனி மதிப்பு உண்டு.

சுருக்கினால் செல்லம்... எல்லா நேரமும் இல்லை

சின்னப் பெயர் ஆசை புதிது என்று நினைக்கலாம். அப்படி இல்லை. முன்பெல்லாம் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பார்கள். மருமகள் வாயால் மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால் பதிவில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட அம்மு, பாப்பா, பொம்மி, தங்கம் என்று ஒன்று. இரண்டு வேலையும் முடிந்தது.

ஆனால் சுருக்கமான பெயர்களில் காயம் தரும் ரகமும் உண்டு. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், தப்பிப் பிழைத்த குழந்தைக்குக் குப்பு, பிச்சை என்று வைத்தார்கள். எமன் கூட ஏறெடுத்துப் பார்க்காமல் போகட்டும் என்ற பயம்தான் காரணம். அதில் பாசம் இருந்தது. போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களில் அது இல்லை. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில், அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு வைத்த பெயர்கள் இவை. திருத்தணி பக்கத்துக் கிராமம் ஒன்றில் 'வேண்டாம்' என்ற பெயரோடு பெண்கள் இருப்பது 2019-ல் செய்தியானது. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை ஆசிரியர் உரக்க வாசிக்கும்போது 'உள்ளேன்' என்று எழுந்து நின்றாக வேண்டும். படிப்பு முடிந்து நேர்காணலுக்குப் போனாலும் அதே கதைதான்.

கூப்பிடுகிறவர் யார் என்பதைப் பொறுத்தும் பெயர் மாறும். கீழத்தஞ்சையில் பண்ணையாள் முறை இருந்த காலத்தில், வயதில் மூத்த கூலிப் பெண்ணைப் பண்ணையார் வீட்டுச் சின்னப் பிள்ளைகூட அரைப் பெயரில் கூப்பிடும். அம்மா சுருக்கினால் செல்லம், அங்கே சுருக்கினால் அவமானம். அந்த மக்களைச் சங்கமாகத் திரட்டிய பி.சீனிவாசராவின் நினைவிடம் இருப்பது திருத்துறைப்பூண்டியில்தான். கூலி உயர்வோடு சேர்த்து அந்தப் போராட்டங்களில் மரியாதையும் கேட்கப்பட்டது.

தனித்தமிழ் இயக்கம் 1916-ல் தொடங்கிய பிறகு பெயர் மாற்றம் இன்னொரு திசையில் போனது. வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். மலர்விழி, கயல்விழி, தேன்மொழி, கனிமொழி எல்லாம் திராவிட இயக்கத்தோடு சேர்ந்து வீடுகளுக்குள் வந்த அலை. இப்போதைய மலர், கயல், கனி எல்லாம் அந்த நீளப் பெயர்களின் முதல் பாதிதான்.

வாசலில் நின்று ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்கள்

தேர்ந்தெடுத்த பெயரைத் தொட்டில் போடுவதற்கு முன்னால் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது. காரணம் இருக்கு. மெய்யெழுத்தில் முடியும் பெயரைப் பேச்சுத்தமிழ் அப்படியே விடாது, ஒரு 'உ' சேர்க்கும். கயல் கயலு ஆகும். மலர் மலரு ஆகும். யாழ் யாழு ஆகும், ழ வராத வாயில் யாளு. நிலா, பொன்னி, அல்லி, கோதை போல உயிர் ஒலியில் முடிகிற பெயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது ஆங்கில எழுத்து. தமிழில் யாழ் இரண்டே எழுத்து. ஆங்கிலத்தில் ழ-வுக்கு 'இசட் எச்' போடுவதா, 'எல்' போடுவதா? 'இசட் எச்' என்று போட்டால் வட இந்திய அலுவலர் வாயில் 'யாஜ்' ஆகிவிடும். அதற்காக ழ-வை விட்டுவிட வேண்டியதில்லை. எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்து கூட்டுவது அவரவர் விருப்பம். ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் இன்னொன்று, பள்ளியில் மூன்றாவது என்று போனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வரும்போதுதான் வலி தெரியும்.

ஐஸ்லாந்தில் குழந்தைக்கு வைக்கும் பெயரை அனுமதிக்க ஒரு குழுவே இருக்கிறது. இளங்காற்று என்று பொருள்படும் 'பிளைர்' என்ற பெயர் ஆண்பால் சொல் என்று சொல்லி ஒரு பெண்ணுக்கு மறுத்தார்கள். அவர் நீதிமன்றம் போய் 2013-ல் தன் பெயரைப் பெற்றார். இங்கே தென்றல் என்று வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பெற்றோர் எழுதிக் கொடுப்பதே இறுதி.

சான்றிதழில் பெயர் சேர்க்க எவ்வளவு நேரம் இருக்கு?

அதனால் அவசரப்படவும் வேண்டாம், மறந்துவிடவும் வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போது பெயர் முடிவாகாவிட்டால் பெயர் இல்லாமலே பதிவாகும். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம், தமிழ்நாட்டில் அது 200 ரூபாய். பிறப்பு எங்கே பதிவானதோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். மருத்துவமனை ஒரு ஊரில், வீடு ஒரு ஊரில் என்றால் மருத்துவமனை இருக்கும் ஊர்.

2023 அக்டோபர் 1 முதல் இது இன்னும் முக்கியம். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

சேர்த்துவிட்ட பெயரை அப்புறம் மனசு மாறி மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துப் பிழை என்றால் திருத்தம் கேட்கலாம்.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் உள்ள டெல்டா குடும்பங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் மட்டும் பெயராக உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா தருவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிறகு, தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் ஏற்கப்படும் என்று விளக்கம் வந்தது. நிலா என்றோ நூர் என்றோ சின்னதாக வைப்பதில் பிரச்சினை இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடாமல் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுசாக எழுதிவிட்டால் போதும்.